ஹலோ... கேக்குதா?

ஹாஸ்டல் ரூம்ல டவர் கிடைக்காம, பேச வேண்டிய ஆளோட பேச மொட்டை மாடிக்கு ஓடியிருக்கீங்களா? கட்டில் மேல ஒரு காலைத் தூக்கி வச்சு, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, தலையை லேசா இடதுபக்கம் சாய்ச்சு நின்னாத்தான் ரெண்டு பாயின்ட் ஏறும். அந்த ஒரு அடி இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஃபோனும் கையுமா ரூமைச் சுத்தியிருப்பீங்க! அதே சுத்தலுக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒண்ணு இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

நிஜமாத்தாங்க. 'சைட் சர்வே'ன்னு பேரு. ஒரு கட்டடத்துல கார்ட்லெஸ் ஃபோன் சிஸ்டம் போடறதுக்கு முன்னாடி, அலை எங்க வரைக்கும் போகுது, எங்க செத்துப் போகுதுன்னு நடந்தே கண்டுபிடிக்கிற வேலை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவங்க மட்டும்தான் செய்யணும்னு இல்ல. காது நல்லா கேக்கணும், கால் வலிக்காம நடக்கணும், பார்த்ததை அப்படியே எழுதற நேர்மை வேணும். மீதியை ஒரு வாரத்துல கத்துக்கலாம்.

'கைக்குக் கை செல்ஃபோன் இருக்கிற காலத்துல யாருப்பா கார்ட்லெஸ் வாங்கறா?'ன்னுதானே கேக்கறீங்க? வீட்டுல டெலிபோன் பக்கத்துல ஸ்டாண்டுல குத்த வச்சிருந்த அந்த ஒத்தை கார்ட்லெஸ்ஸை மறந்துடுங்க. அதோட பெரியண்ணன் ஒருத்தன் இருக்கான். ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஃபேக்டரி, குடோன்னு பெரிய கட்டடங்கள்ல பத்து இருபது பேஸ் ஸ்டேஷனை மாட்டி, ஆளுக்கு ஒரு ஹேண்ட்செட் கொடுத்துடுவாங்க. பேசிக்கிட்டே ஒரு கோடியிலேர்ந்து மறு கோடிக்கு நடந்தாலும் கால் கட் ஆகாது. டெக்ட்ங்கிற ஐரோப்பிய ஸ்டாண்டர்டு இது. 1990-களோட தொடக்கத்துல வந்தது. அங்கே இதுக்குன்னே 1880-லேர்ந்து 1900 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தனியா ஒதுக்கி வச்சிருக்காங்க. வைஃபை மாதிரி பக்கத்து வீட்டு ரவுட்டரோட முட்டிக்கிற தொல்லை கிடையாது. செல் கம்பெனி டவரை நம்பிக் கிடக்க வேண்டியதும் இல்ல. பழைய சரக்குன்னு நினைச்சுடாதீங்க. இதோட புது வாரிசை 2022-ல 5ஜி குடும்பத்துல ஒண்ணா ஐ.டி.யூ.வே சேர்த்துக்கிச்சு.

(சைடுல ஒரு விஷயம். அமெரிக்காவுலேர்ந்து மாமா ஆசையா வாங்கிட்டு வர்ற 'டெக்ட் 6.0' கார்ட்லெஸ்ஸை இங்க செருகாதீங்க. 6.0-ங்கிறது வெறும் மார்க்கெட்டிங் பேரு. அது வேலை செய்யறது 1920-1930 மெகாஹெர்ட்ஸ்ல. நம்ம ஊர்ல செல்ஃபோன் டவரோட பேசற 2100 பேண்டோட இடம் அது. நீங்க சமையல் அறைக்கும் ஹாலுக்கும் பேச, பக்கத்துத் தெரு டவருக்குத் தலைவலி.)

சரி, ஒரு நாள் அந்த வேலைக்கு நீங்களே போறீங்கன்னு வச்சுக்குவோம். எங்கே? மாதவரம்!

ஏன் மாதவரம்? துறைமுகத்துல இறங்கற சரக்கு ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. மூலக்கடை தாண்டி உள்வட்டச் சாலை பக்கம் ஒரு தடவை பஸ்ல போய்ப் பாருங்க. டிரெய்லர் வரிசை, தகரக் கூரை குடோன், கன்டெய்னர் அடுக்கு, இன்னொரு பக்கம் பால்பண்ணைக் காலனி. ரேடியோ அலைக்குப் பிடிக்காத ரெண்டு பொருள் இந்த உலகத்துல உண்டுன்னா அது இரும்பும் தண்ணியும்தான். ரெண்டும் மாதவரத்துல தாராளம்!

காலையில போறீங்க. மேனேஜர் ஏ.சி. ரூம்ல உட்கார வச்சு, காபி கொடுத்து, கட்டட பிளானை விரிச்சு வைப்பார். 'இதுல பாத்து எத்தனை பேஸ் வேணும்னு சொல்லிடுங்களேன், எதுக்கு வெயில்ல அலைஞ்சுக்கிட்டு?'

இங்கதான் உஷாரா இருக்கணும். பிளான்ல சுவர் ஒரு கோடு. அது அரையடி செங்கல்லா, கம்பி கட்டின கான்கிரீட்டா, வெறும் ஜிப்சம் பலகையான்னு அந்தக் கோடு சொல்லாது. ஜிப்சம் பலகையில அலை கொஞ்சமாத்தான் குறையும். கான்கிரீட் சுவர்ல பத்துல ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிசு. இரும்புத் தகடுன்னா திரும்பி வந்துடும். பிளான்ல மூணுமே ஒரே பென்சில் கோடு! அதுல சரக்கு அடுக்கற ரேக்கும் இருக்காது, அதுல இருக்கிற சரக்கு சுத்தமா இருக்காது. காபியைக் குடிங்க, பிளானை ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்குங்க, கிளம்புங்க.

கையில என்ன இருக்கணும்? டெஸ்டுக்குன்னு ஒரு பேஸ் ஸ்டேஷன், அதை உயரத்துல பிடிச்சு நிக்க ஒரு ஸ்டாண்டு, அதுக்கு பேட்டரி, ரெண்டு ஹேண்ட்செட். கூட ஒரு ஆள். தனியா போகாதீங்க, காரணம் அப்புறம் சொல்றேன். பேஸை நிஜமா மாட்டப் போற உயரத்துலயே வைக்கணும். மேஜை மேல வச்சுப் பார்த்துட்டு, பின்னாடி இருபது அடி உயரத்துல மாட்டினா அந்த சர்வே குப்பைக்குத்தான்.

இப்ப நட! ஹேண்ட்செட்டை சர்வே மோடுல போட்டா ஸ்கிரீன்ல ஒரு மைனஸ் நம்பர் வரும். டிபிஎம்னு சொல்வாங்க. மைனஸ் 45, மைனஸ் 58, மைனஸ் 71... மைனஸ் இருக்கிறதால நம்பர் பெரிசாக ஆக சிக்னல் மோசம். முதல் நாள் எல்லாருக்கும் இது தலைகீழாத்தான் புரியும். பத்து நம்பர் இறங்கினா சிக்னல் பத்துல ஒரு பங்கு ஆயிடுச்சுன்னு அர்த்தம். மைனஸ் 60-ன்னா எவ்வளவு தெரியுமா? ஒரு வாட்டில் நூறு கோடியில ஒரு பங்கு. அவ்வளவூண்டு சக்தியில உங்க குரல் தெளிவா போகுது. பொதுவா மைனஸ் 70-க்குக் கீழே போற இடத்தை 'இதுக்கு மேல நம்பாதே'ன்னு பென்சில்ல கோடு போட்டு வச்சுக்குவாங்க.

கணக்குப்படி பார்த்தா இந்த ஃபோன் ரொம்ப தூரம் போகணும். பேச்சு போற நேரத்துல பேஸ் விடறது கால் வாட், அதாவது 250 மில்லிவாட். எதுவும் குறுக்கே இல்லாத வெட்ட வெளியில 100 மீட்டர்ல மைனஸ் 54 சுமாருக்கு வரணும். 300 மீட்டர் வரைக்கும் பேசலாம்னு பெட்டியில எழுதியிருக்கிறது பொய் இல்ல. ஆனா கட்டடத்துக்குள்ள 30, 50 மீட்டர் வந்தாலே கும்பிடு போட்டுக்கணும். பெட்டியில எழுதினவர் மாதவரம் குடோனைப் பார்த்ததில்ல, அவ்வளவுதான்.

நம்பரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கூட வந்த நண்பரை ஒரு இடத்துல உட்கார வச்சு, 'ஒண்ணு... ரெண்டு... மூணு...'ன்னு ஃபோன்ல எண்ணச் சொல்லுங்க. நீங்க கேட்டுக்கிட்டே மெதுவா நடங்க. ஏழுக்கு அப்புறம் ஒன்பது கேட்டா நின்னுடுங்க. எட்டு எங்கே போச்சு? ரெண்டு அடி பின்னாடி வாங்க. அரையடி தள்ளுங்க. எட்டு திரும்பி வந்துடும்! இந்த அலையோட நீளம் கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர்தான். நேரா வர்ற அலையும், இரும்புல மோதி வர்ற அலையும் ஒரு புள்ளியில ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டா அங்க சிக்னல் குழி. சில சென்டிமீட்டர் நகர்ந்தாப் போதும், மேடு. ஃபிசிக்ஸ் லேப்ல பட்டை பட்டையா இருட்டும் வெளிச்சமும் பார்த்தீங்களே, அதே இன்டர்ஃபியரன்ஸ் மேட்டர். இங்க காதால கேக்கறீங்க. நல்ல பேஸ் ஸ்டேஷன்ல ரெண்டு ஆன்டெனா வைக்கிறதே இந்தக் குழியில விழாம இருக்கத்தான். ஒண்ணு குழியில இருந்தா இன்னொண்ணு மேட்டுல இருக்குமே!

ஹேண்ட்செட்டை எப்படிப் பிடிக்கிறீங்கங்கறதும் முக்கியம். நீங்க ஏதோ பூஜைத் தட்டு மாதிரி நெஞ்சுக்கு நேரா ஏந்திக்கிட்டுப் போவீங்க. அங்க வேலை செய்யற அண்ணன் அதை இடுப்புல செருகிட்டு, குனிஞ்சு மூட்டை தூக்குவாரு. மனுஷ உடம்பே பாதிக்கு மேல தண்ணி. அலைக்கு அதுவும் ஒரு சுவர்தான். அவர் மாதிரியே இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு ரவுண்டு வந்து பாருங்க, நம்பர் மாறும்.

இப்ப கேக்கறேன், குடோன் அன்னிக்குக் காலியா இருந்தா? அதுதான் இந்த வேலையிலேயே மோசமான பொறி. காலி குடோன்ல ஒரே பேஸ் மொத்த இடத்துக்கும் பேசும். நம்பரெல்லாம் அப்படி ஜொலிக்கும். எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவீங்க. தீபாவளிக்கு முன்னாடி கூரை வரைக்கும் சரக்கு ஏறும். தண்ணி பாட்டில், ஜூஸ், பால் பவுடர் டின், இரும்பு டிரம்... அதே இடத்துல ஹேண்ட்செட் ஊமையாயிடும். சரக்கு நிறைஞ்ச நாள் எதுன்னு விசாரிச்சு அன்னிக்குப் போங்க. முடியலைன்னா பேஸ் எண்ணிக்கையைத் தாராளமாப் போடுங்க. எந்த நாள், சரக்கு எவ்வளவு இருந்ததுன்னு ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே எழுதுங்க. அங்க இருக்கிற சூப்பர்வைசர் அண்ணனைப் பிடிச்சு டீ வாங்கிக் கொடுங்க. 'தம்பி, அந்த மூலையில எந்த ஃபோனும் எடுக்காது, நாங்க விசில்தான் அடிப்போம்'னு ஒரு வரி சொல்வாரு. மேனேஜர் ரூம் பிளான்ல அந்த வரி இருக்காது.

வெளியில கன்டெய்னர் யார்டுன்னா கதை வேற. ஒரு பெட்டி எட்டரை அடி உயரம். நாலு அடுக்கினா பத்து மீட்டர் தாண்டிடும். நடுவுல இருக்கிற சந்துல நேரா பார்த்தா அலை குழாய்ல தண்ணி ஓடற மாதிரி தூரமாப் போகும். ஒரு மூலை திரும்பினீங்க, போச்சு! மூணு அடிக்குள்ள நம்பர் மைனஸ் 55-லேர்ந்து மைனஸ் 80-க்கு விழலாம். இன்னொரு கூத்து, இன்னிக்கு இருந்த சந்து நாளைக்கு இருக்காது. கிரேன் வந்து சுவரையே தூக்கிட்டுப் போயிடும்! அதனால சந்துக்குள்ள அளந்து பிரயோஜனம் இல்ல. விளக்குக் கம்பம் மாதிரி உயரத்துல ஏத்தி, மேலேர்ந்து எல்லாச் சந்தையும் எட்டிப் பார்க்கற மாதிரி பேஸை வைக்கணும்.

கட் ஆகாம ஒரு பேஸ்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவறதை ஹேண்ட்ஓவர்னு சொல்வாங்க. செல்ஃபோன்ல பேசிக்கிட்டிருக்கும்போது 'நீ அந்த டவருக்குப் போ'ன்னு உத்தரவு நெட்வொர்க்லேர்ந்து வரும். டெக்ட்ல ஹேண்ட்செட்டே முடிவு பண்ணும். பழைய பேஸ் மங்குது, புதுசு நல்லா கேக்குதுன்னு தெரிஞ்சா தாவும். அதுக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும். இரும்புக் கதவைத் தள்ளிக்கிட்டு ரெண்டு எட்டு வச்ச உடனே சிக்னல் நூறுல ஒரு பங்காச்சுன்னா, தாவறதுக்குள்ள விழுந்துடும். அதான் கதவு, மாடிப்படி, லிஃப்ட் வாசல் எல்லாத்துலயும் ரெண்டு பேஸோட அலையும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கான்னு தனியாப் பார்க்கணும். பேஸ்களும் ஒண்ணோட குரல் ஒண்ணுக்குக் கேட்டாத்தான் காற்று வழியாவே நேரத்தைச் சரிபார்த்துக்கும். பத்து மில்லிசெகண்டை 24 துண்டாப் போட்டுப் பேசற சிஸ்டம் இது, நேரம் பிசகினா எல்லாம் பிசகிடும்.

தனியா போகாதீங்கன்னு சொன்னேனே, அது கோல்டு ஸ்டோரேஜுக்காக. குளிர் அறைச் சுவர் எப்படின்னு பார்த்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு, நடுவுல ஃபோம். குளிரை வெளியில விடாம இருக்கக் கட்டினது ரேடியோ அலையையும் உள்ள விடாது. கதவு திறந்திருக்கும்போது ஹேண்ட்செட் ஜோரா பேசும். சர்வேக்கு வந்தவங்க நிறைய பேரு அந்தக் குளிர்ல நிக்க மாட்டாம, கதவுகிட்டயே எட்டிப் பார்த்து 'ஓகே'ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. கதவைச் சாத்திப் பாருங்க. மைனஸ் 18 டிகிரியில, கடைசி ரேக் பின்னாடி, ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் பெட்டி எண்ணிக்கிட்டிருக்காரு. காலு வழுக்கி விழுந்துட்டாருன்னா அவர் கையில இருக்கிற ஒரே வழி அந்த ஹேண்ட்செட்தான். ஆள் சாய்ஞ்சு விழுந்தா தானே அலாரம் அடிக்கிற ஹேண்ட்செட்டெல்லாம் இருக்கு. அலை போகாத இடத்துல அது யாருக்கு அடிக்கும்?

அதனால கதவை மூடி, நண்பரை வெளியில கைப்பிடி பக்கத்துலயே நிக்க வச்சு, உள்ள போய் கடைசி ரேக் வரைக்கும் நடங்க. உள்ளேர்ந்து திறக்கற வழி எதுன்னு முதல்லயே பார்த்து வச்சுக்குங்க. அங்க எண்ணிக்கை கேக்கலைன்னா உள்ள தனியா ஒரு பேஸ் வேணும், அந்தக் குளிரைத் தாங்கற மாதிரி பெட்டியோட. பட்ஜெட்ல ஒண்ணு குறைங்கன்னு மேனேஜர் பேரம் பேசும்போது முதல்ல வெட்டச் சொல்றது இதைத்தான். 'அங்க எப்பவும் ஒருத்தர்தானே இருப்பாரு'ன்னு காரணமும் சொல்வாங்க. ஒருத்தர் மட்டும் இருக்கிறதாலதான் அங்க அவசியம் வேணும். பேரத்துல விட்டுக் கொடுக்கணும்னா ரிசப்ஷன் பேஸை விட்டுக் கொடுங்க. அங்க ஆளுக்கு ரெண்டு செல்ஃபோன் இருக்கு.

இந்த டெக்ட்டுக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு பெரிய கதை இருக்கு தெரியுமா? 1990-கள்ல ஒரு டெலிபோன் லைன் புதுசாப் போட 30,000 ரூபாய்க்கு மேல ஆகும். எக்ஸ்சேஞ்சுலேர்ந்து வீடு வரைக்கும் பள்ளம் தோண்டிப் புதைக்கிற செம்புக் கம்பிக்கே அதுல பெரிய பங்கு போயிடும். கிராமத்துக்கு ஃபோன் வராததுக்கு அது ஒரு பெரிய காரணம். சென்னை ஐஐடியில டெநெட்னு ஒரு குழு, பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமதி கொன்சால்வஸ் இவங்களெல்லாம் சேர்ந்து ஒரு கேள்வி கேட்டாங்க. ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் பேச ஐரோப்பாக்காரன் செஞ்ச இந்த கார்ட்லெஸ்ஸை இழுத்து நீட்டி ஊருக்கே போட்டா என்ன? லைனுக்குப் பத்தாயிரம் ரூபாய்ங்கிறதுதான் குறி. மைடாஸ் கம்யூனிகேஷனும் அமெரிக்காவோட அனலாக் டிவைசஸும் கைகொடுக்க, 'கார்டெக்ட்' பொறந்துச்சு. வீட்டுக் கூரை மேல ஆன்டெனா, ஊர்ல ஒரு டவர். பத்து கிலோமீட்டர் வரைக்கும் நேரா, நடுவுல ஒரு ரிலே வச்சா 25 கிலோமீட்டர். ஃபோன் பேசிக்கிட்டே 35 கேபிபிஎஸ் இன்டர்நெட். சிரிக்காதீங்க! 2001-ல மதுரைப் பக்கம் மேலூர் கிராமங்கள்ல இதை வச்சுத்தான் இன்டர்நெட் மையம் திறந்தாங்க. கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டது அந்த லைன்லதான்.

அங்கயும் முதல் வேலை சர்வேதான். ஆன்டெனாவும் டவரும் ஒண்ணை ஒண்ணு பார்க்கணும். அதுவும் கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதாது. 10 கிலோமீட்டர் தூரம்னா நடுவழியில அலை சுமார் 20 மீட்டர் ஆரத்துக்கு உப்பி நிக்கும். அதுல பெரும்பகுதி காலியா இருக்கணும். மாடியில நின்னு பைனாகுலர்ல பார்த்தா டவர் பளிச்சுனு தெரியுது, சிக்னல் மட்டும் மங்கல்னா, நடுவுல ஒரு தென்னந்தோப்பு அந்த உப்பலுக்குள்ள தலையை நீட்டிக்கிட்டிருக்கலாம். தென்னை வருஷா வருஷம் வளரும்ங்கிறதையும் சர்வே பண்றவர் கணக்குல எடுத்துக்கணும்.

2003 மே மாசம் செல்ஃபோன்ல இன்கமிங் இலவசம் ஆச்சு. அதுக்கப்புறம் ஊரே கையில செல் எடுத்துக்கிட்டு நடந்துச்சு. கூரையில ஆணி அடிச்ச ஃபோன் அதோட ஓட முடியல. மேலூர்ல பல மையங்கள் மூடப்பட்டதுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா அந்தக் குழுவை யாரும் மறக்கல. ஜுன்ஜுன்வாலாவுக்கு 2002-ல பத்மஸ்ரீ. ராமமூர்த்தி 2011-ல சென்னை ஐஐடிக்கே இயக்குநரானார்.

உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமான்னு இன்னிக்கே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், பைசா செலவில்லாம. ஆண்ட்ராய்டு ஃபோன்ல செட்டிங்ஸ் போங்க, 'அபௌட் ஃபோன்', அதுல சிம் ஸ்டேட்டஸ். சிக்னல் ஸ்ட்ரெங்த்னு அதே மைனஸ் நம்பர் இருக்கும். 4ஜி அளவுகோல் வேற. அங்க மைனஸ் 85 நல்ல பையன், மைனஸ் 115 தேறாத கேஸ். உங்க ஹாஸ்டல் பிளானை நோட்டுல வரைஞ்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு, எல்லாரும் ரூம்ல இருக்கும்போது, ஒரு மாடி நடங்க. வாட்டர் டேங்க் அடியில, மெஸ் ஸ்டோர் ரூம்ல, லிஃப்ட் பக்கத்துல, பாத்ரூம் வராண்டாவோட கடைசியில. கதவைத் திறந்து ஒரு தடவை, சாத்தி ஒரு தடவை. நம்பரை எழுதுங்க, தேதியும் நேரமும் போடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்காவது வயித்துவலி வந்தா வார்டனைக் கூப்பிட முடியாத ரூம் எதுன்னு அந்த நோட்டு காட்டும். அதை ஜெராக்ஸ் எடுத்து வார்டன் மேஜையில வச்சுட்டு வாங்க.